கூண்டு ஏறிய பிறகு படகை இறக்கலாமா?



பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? எவ்வளவு தைரியமான ஆளா இருந்தாலும் படகைக் கட்டிப் போட்டுட்டுக் கரையில உட்காருவான். கடலுக்குப் போகாதவனை யாரும் கோழைன்னு சொல்றதில்லை. "இன்னைக்கு வேண்டாம்ப்பா, காத்து சரியில்லை" என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல டிரைவர். நாலு பேர் உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு அதுதான் முதல் தகுதி.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு இந்தப் பதிவைக் கடைசி வரை படியுங்கள்.

நம்ம பகுதிப் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள். கடற்படைக்கோ கடலோரக் காவல்படைக்கோ போகவேண்டும், முடிந்தால் கமாண்டோ ஆகவேண்டும் என்பது அவர்கள் கனவு. நல்ல கனவு, வாழ்த்துகிறோம். போனில் அவர்கள் பார்க்கும் வீடியோக்களில் கமாண்டோ என்றால் சேற்றில் ஊர்வது, தோளில் மரத்தைச் சுமப்பது, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவது. பயிற்சி உண்மையிலேயே கடுமையானதுதான். 'மார்கோஸ்' எனப்படும் கடற்படைக் கமாண்டோக்களுக்கு மும்பை ஐ.என்.எஸ். அபிமன்யு தளம்தான் தாய்வீடு. முக்குளிக்க ஓர் இடம், பாராசூட்டில் குதிக்க ஆக்ராவில் ஒரு பள்ளி, காட்டுப் போருக்கு மிசோரமில் ஒரு பள்ளி என்று முழுப் பயிற்சியும் முடிய ஆண்டுகள் ஆகும். சேர முயல்பவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் படைவீரனின் தரத்தை இப்படி உரசி உரசிப் பார்க்கிற நாடு, அவனை அனுப்புகிற தலைமையின் தரத்தை எதை வைத்துப் பார்க்கிறது? இந்தக் கேள்விக்கான பாடம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. நம்ம வடகடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஒரே மாதத்தில், ஒரே ஊரில் நடந்த மூன்று சம்பவங்கள். 1987 அக்டோபர்.

அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலமே கிடையாது. அது திறக்கப்பட்டது 1988 அக்டோபர் 2-ம் தேதி. 1987 ஜூலை 29 அன்று இந்திய – இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கும் படை என்ற பெயரில் இந்திய ராணுவம் இலங்கைக்குப் போனது. அக்டோபர் தொடக்கத்தில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது.

🔴 முதல் சம்பவம்: அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, 12-ம் தேதி அதிகாலை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலிகளின் தலைமை கூடியிருக்கிறது, ஹெலிகாப்டரில் போய் இறங்கிப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். முதலில் பாரா கமாண்டோக்கள் மைதானத்தில் இறங்கி இடத்தைப் பிடிக்கவேண்டும். பின்னாலேயே சீக்கிய இலகு காலாட்படையின் 13-வது பட்டாலியன் இறங்கவேண்டும். பஞ்சாபின் மஜ்பி, ராம்தாசியா சமூகங்களிலிருந்து ஆள் எடுக்கும் ரெஜிமென்ட் அது. அந்தப் பட்டாலியன் அப்போதுதான் இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊரும் புதுசு, இருட்டும் புதுசு.

ராணுவத்தின் ரேடியோ பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். வருவது தெரிந்து காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் மேல் நாலாபுறமும் சூடு. கமாண்டோக்கள் இறங்கினார்கள். காலாட்படையில் இறங்க முடிந்தது 30 பேருக்கு மட்டும்தான். அதற்குமேல் ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை. அந்த 30 பேரும் தனியாகச் சிக்கிக்கொண்டார்கள். விடிந்த பிறகும், தோட்டா தீரும்வரை சண்டை போட்டார்கள். 29 பேர் அங்கேயே இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களிலும் 6 பேர் போனார்கள். மற்றவர்கள் வீடுகளில் அரண் அமைத்துத் தாக்குப்பிடித்தார்கள். ரயில் தண்டவாளத்தின் மேல் டாங்கியை ஓட்டிப் போய்த்தான் அவர்களை மீட்க முடிந்தது.

அந்த 30 பேரிடம் வீரம் குறைவா? சத்தியமா இல்லை. கமாண்டோக்களோடு சேர்ந்து இரவில் வானத்திலிருந்து இறங்கும் வேலையை, அதற்கென்று பயிற்சி எடுக்காத சாதாரணக் காலாட்படையிடம் கொடுத்தது யார்? எதிரி காதில் விழுகிற ரேடியோவில் திட்டத்தைப் பேசவிட்டது யார்? முதல் ஹெலிகாப்டர் மீது சூடு விழுந்ததும், இது கூண்டு ஏறிய கடல் என்று புரிந்து நிறுத்தச் சொல்லவேண்டியது யார் பொறுப்பு? இந்த மூன்றும் படைவீரனுடைய தவறு இல்லை. மூன்றுமே தலைமையுடைய தவறு.

🔴 இரண்டாவது சம்பவம்: அக்டோபர் 21 இரவு. அதே யாழ்ப்பாணம், குருநகர் இறங்குதுறை.

அங்கிருந்துதான் புலிகளின் படகுகள் புறப்பட்டன. அதைத் தகர்க்கும் வேலை கடற்படையின் புதிய கமாண்டோ பிரிவுக்கு வந்தது. இன்றைய மார்கோஸின் தொடக்கம் அந்தப் பிரிவுதான். உருவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. போனது 18 பேர். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் அர்விந்த் சிங். கரையில் நின்று 'போங்கடா' என்று சொல்லவில்லை. வெடிமருந்தோடு இறங்குதுறை வரைக்கும் அவரே முன்னால் போனார். எதிரி கண்டுபிடித்துச் சுட்டபோதும் வேலையை முடித்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அதற்காக அவருக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

ஒன்பது நாள் இடைவெளி. ஒரே ஊர், ஒரே எதிரி. அங்கே பெரிய திட்டம், நிறைய ஹெலிகாப்டர், குறைந்த தகவல். இங்கே சின்னக் குழு, ஒரே ஒரு தெளிவான வேலை, அந்த வேலைக்கென்றே பயிற்சி எடுத்த ஆட்கள், கூடவே போகிற தலைவன். சிறப்புப் படை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்த வித்தியாசத்தைக் காட்டினால் போதும்.

🔴 மூன்றாவது சம்பவம்: இதை எழுத மனசு கனக்கிறது. அதே அக்டோபர் 21. அன்று தீபாவளி.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்று ராணுவத் தரப்பு சொன்னது. ஆனால் செத்துக் கிடந்தவர்கள் யார்? மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், கட்டிலில் கிடந்த நோயாளிகள். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். மறுநாள் காலை, தாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று உரக்கச் சொல்லி, கைகளைத் தூக்கியபடி செவிலியர்களோடு வெளியே வந்த ஒரு மருத்துவர் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய 'முறிந்த பனை' நூலில் இது பதிவாகியிருக்கிறது.

அங்கே நுழைந்தது சிறப்புப் படை இல்லை. ஆனால் பாடம் எல்லாப் படைக்கும் பொது. சுடக் கற்றுக்கொடுப்பது பாதிப் பயிற்சிதான். எப்போது சுடக்கூடாது, எதிரில் நிற்பவன் யார், அவன் பேசுவது என்ன மொழி என்று கற்றுக்கொடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் சொல்லித்தரவேண்டியவர் மேலே இருக்கும் அதிகாரி. அவர் வாயிலிருந்து 'நிறுத்து' என்ற ஒரு சொல் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆஸ்பத்திரி சாட்சி.

1990 மார்ச்சில் கடைசிப் படையும் திரும்பியபோது, இந்தியா இழந்திருந்த வீரர்கள் 1,100-க்கும் மேல். யாழ் மக்கள் இழந்ததோ அதைவிடப் பல மடங்கு. இரண்டு பக்கமும் அழுதது சாதாரண வீட்டுத் தாய்மார்கள்தான்.

"சரிப்பா, அது பழைய கதை. இப்ப எதுக்கு?" என்று கேட்கலாம். நம்ம கடலில் அந்தக் கதை முடியவில்லை என்பதால்தான் பேசுகிறோம்.

2017 நவம்பர் 13. இராமேசுவரம் மீனவர்கள் மீது சூடு விழுந்தது. இரண்டு பேருக்குக் காயம். சுட்டது இந்தியக் கடலோரக் காவல்படை என்றார்கள் மீனவர்கள். இந்தியில் பேசாததற்காக அடித்தார்கள் என்றும் சொன்னார்கள். காவல்படை முதலில் சுடவே இல்லை என்று மறுத்தது.

2022 அக்டோபர் 21. மறுபடியும் அதே தேதி! பாக் நீரிணையில் காரைக்கால் விசைப்படகு ஒன்றின் மீது இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். பங்காரம் சுட்டது. படகில் 10 பேர். குண்டு பாய்ந்த மீனவரை ஹெலிகாப்டரில் நம்ம உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்துக்குக் கொண்டுவந்து, இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. விசாரணைக்கும் உத்தரவிட்டது.

இலங்கைக் கடற்படை சுடுகிறது என்று இத்தனை வருஷமாக அழுதுகொண்டிருக்கிறோம். நம்ம நாட்டுத் துப்பாக்கியும் நம்ம பக்கமே திரும்பினால் மீனவன் எங்கே போய் நிற்பான்? இரவில், இன்ஜின் சத்தத்தில், தெரியாத மொழியில் ஒலிபெருக்கியில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? இழுவலை கடலுக்குள் கிடக்கும்போது விசைப்படகு நினைத்த மாத்திரத்தில் நிற்காது, திரும்பாது என்பது இங்கே பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ரோந்துக் கப்பலின் அதிகாரிக்கும் அது தெரிந்திருக்கவேண்டாமா?

ராணுவத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லையில் நிற்பவன் எங்கள் பிள்ளைதான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அவர்கள் கரையேறியபோது, 'யாருப்பா நீங்க?' என்று முதலில் கேட்டதும் மீனவர்கள்தான். கடலின் காவலுக்கு மீனவன் கண் மாதிரி. தன் கண்ணையே சந்தேகிக்கிற படை எதைக் காக்கும்?

ஆகவே நாம் கேட்பது நான்கு.

1️⃣ பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ரோந்து போகும் ஒவ்வொரு கப்பலிலும் தமிழ் பேசத் தெரிந்தவர் கட்டாயம் இருக்கவேண்டும். சமையலறையில் இருந்தால் போதாது. உத்தரவு கொடுக்கும் அதிகாரியின் பக்கத்தில் இருக்கவேண்டும்.

2️⃣ இங்கே பொறுப்பேற்கும் அதிகாரிகளுக்கு, முதல் வேலையாக இந்தக் கடலைப் பற்றிய பயிற்சி வேண்டும். நாட்டுப்படகு எது, விசைப்படகு எது, எந்தக் காற்றில் எந்த நீரோட்டம் படகை எங்கே இழுக்கும், வலை கிடக்கும்போது படகு எப்படி நகரும் என்று பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மீனவர்களே சொல்லித்தரட்டும். சம்பளம் கூட வேண்டாம். சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

3️⃣ துப்பாக்கிச் சூடு நடந்தால், சுட்ட சிப்பாயோடு விசாரணை நின்றுவிடக்கூடாது. உத்தரவு எங்கிருந்து வந்தது என்பதுவரை போகவேண்டும். முடிவு பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கையில் தமிழில் கிடைக்கவேண்டும்.

4️⃣ மீனவர் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நடத்தும் இலவசப் பயிற்சியை விரிவாக்கவேண்டும். நீச்சலும் முக்குளிப்பும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கணக்கு, இயற்பியல், ஆங்கிலம், நேர்காணல் இவற்றில்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள். மாலுமியாகச் சேர்வதோடு நிற்காமல் அதிகாரித் தேர்வுக்கும் அங்கே பயிற்சி வேண்டும்.

தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம்ம இராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம், விமானப்படை விமானியாக வேண்டும் என்று டேராடூன் போனார். இருந்தது எட்டு இடம். அவர் வந்தது ஒன்பதாவது. அவருக்காக யாரும் தரத்தைத் தளர்த்தவில்லை, அவரும் கேட்கவில்லை. அதே அளவுகோலைப் பாம்பன் பையனுக்கும் வையுங்கள், தாங்குவான். ஆனால் அவனை அனுப்பும் தலைமைக்கும் ஓர் அளவுகோல் வையுங்கள்.

விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஓடுங்கள், நீந்துங்கள், நன்றாகப் படியுங்கள். அதோடு கூண்டைப் பார்க்கவும் பழகுங்கள். நாளைக்கு நீங்கள் தோளில் நட்சத்திரத்தோடு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகும் நாள் வரும். அன்றைக்குக் காத்து சரியில்லை என்றால், மேலதிகாரி முகத்தைப் பார்த்து "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்கவேண்டும். போகவேண்டிய நாள் என்றால், முதல் ஆளாக நீங்களே இறங்கவேண்டும். அந்த அதிகாரி நம்ம கரையிலிருந்து வரட்டும்.

படித்தவர்கள் பகிருங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

#பாம்பன் #இராமேசுவரம் #மீனவர்பாதுகாப்பு #கடலறிந்ததலைமை