இரண்டு தோட்டங்கள்

எங்கள் வீட்டில் ‘தோட்டம்’ என்றால் பூச்செடி நினைவுக்கு வராது. ஜோகூரில் பாட்டி பால்மரம் வெட்டிய எஸ்டேட்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டியைச் சென்ற மாதம் பூமலைக்கு அழைத்துப் போனேன்.

1859இல் உருவான பூமலை, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. சிங்கப்பூரில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இடம் இதுதான். உள்ளேயே பல தோட்டங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். இஞ்சிக்கும் அதன் உறவுச் செடிகளுக்கும் தனித் தோட்டம். மூலிகைத் தோட்டத்தில் எந்த உறுப்புக்கு எந்தச் செடி என்று உடலுறுப்பு வாரியாகவே நட்டிருக்கிறார்கள். பாட்டி பலகைகளைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தே பெயர் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஹோல்டம் மண்டபத்தில் உள்ள மரபுடைமை அரும்பொருளகத்தில்தான் நின்றுவிட்டார். அங்கே ரப்பர் கதை இருக்கிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கே சோதித்து வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை அவர் விடாமல் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர் வாங்கினார். பிறகு மலாயா முழுவதும் ரப்பர் பரவியது. அந்த மரங்களுக்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள்.

“ஆழமா வெட்டக் கூடாதுய்யா. மரத்துல காயம் பட்டா கங்காணி சும்மா விடமாட்டாரு,” என்றார் பாட்டி. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்களாம். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றும்போது மழை வந்தால் அன்றைய உழைப்பு போச்சு. காற்றிலேயே ஒரு கத்தியைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பயணிகளும் பார்த்தார்கள்.

ரிட்லி கண்டுபிடித்த வெட்டு ஏட்டில் இருக்கிறது. அதை ஆயுள் முழுக்க வெட்டிய கைகளுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். வானொலிக்காரன் என்பதால் உடனே கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் பேசினார். இதுவரை என்னிடம் சொல்லாத பல சங்கதிகள் அதில் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், ஒரு காலை பூமலைக்கு அழைத்துப் போங்கள். காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் எழுவது புதிதல்ல. கைப்பேசியில் மின்னூட்டம் மட்டும் நிறைய இருக்கட்டும்.