எட்டாயிரம் பேர் வாங்கிய அணி

ஒரு பெரிய கம்பெனி நம் ஊரில் உள்ள டிப்போவை மூடப்போவதாகக் கடிதம் அனுப்பினால் நாம் என்ன செய்வோம்? ஸ்டாக்கிஸ்ட் புலம்புவார். சங்கத்தில் கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவோம். டிப்போ போய்விடும். இதற்கு மேல் நம்மால் ஆவது என்ன என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆகும் என்று காட்டிய ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வணிகப் பெருமக்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்று ஒரு நகரம். கொடாக் பிலிம் கம்பெனி பிறந்து வளர்ந்த ஊர். நமக்குக் கிரிக்கெட் போல அவர்களுக்கு பேஸ்பால். பெரிய அணிகள் தங்கள் இளம் ஆட்டக்காரர்களைப் பழக்குவதற்காகச் சிறிய நகரங்களில் 'மைனர் லீக்' அணிகளை வைத்திருக்கும். ரோச்செஸ்டரின் 'ரெட் விங்ஸ்' அப்படி ஓர் அணி. 1928 முதல் அது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பெரிய அணியின் கையில் இருந்தது. 1929இல் அதற்கென மைதானமும் திறக்கப்பட்டது.

1956இல் கார்டினல்ஸ் விலகிக்கொள்ள முடிவு செய்தது. அணி ஊரைவிட்டுப் போகும் நிலை. அப்போது முன்னால் வந்தவர் மோரி சில்வர் என்ற உள்ளூர் வியாபாரி. அவர் கண்டனக் கூட்டம் போடவில்லை. விலை என்ன என்று கேட்டார். ஒரு கம்பெனியை அமைத்து, ஊராரிடம் சிறு சிறு பங்குகளாக விற்றார். 8,222 பேர் பங்கு வாங்கினார்கள். 1957இல் அணியும் மைதானமும் ஊருக்குச் சொந்தமாயின.

வாங்குவது ஒருநாள் வேலை, நடத்துவது தினசரி வேலை என்பதைக் கடை வைத்திருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கும் 1960களில் பணக் கஷ்டம் வந்தது. சில்வரே மறுபடியும் வந்து பொறுப்பேற்று நிமிர்த்தினார். 1968இல் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இன்னொரு ஊரையும் பார்க்க வேண்டும். ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட். 1981இல் அங்குள்ள மெக்காய் மைதானத்தில் இந்த இரண்டு ஊர் அணிகளும் ஆடிய ஆட்டம் 33 இன்னிங்ஸ் நீண்டது. ஏப்ரலில் ஒரு இரவு தொடங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு நிறுத்தி, ஜூன் மாதம் முடித்தார்கள். தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இல்லை. பாட்டக்கெட்டே வென்றது.

திவாலாகிக் கிடந்த பாட்டக்கெட் அணியை 1977இல் வாங்கித் தூக்கி நிறுத்தியவர் பென் மாண்டர் என்ற தொழிலதிபர். நல்ல மனிதர். ஆனால் அணி சிலர் கையில்தான் இருந்தது. 2010இல் அவர் காலமானார். 2015இல் அணி புதியவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் புது மைதானம் கேட்டார்கள். பேரம் படியவில்லை. 2021 முதல் அந்த அணி பக்கத்து மாநிலத்தில் ஊஸ்டர் நகரில் ஆடுகிறது. ஆட்டத்தில் வென்ற ஊர் அணியை இழந்தது. தோற்ற ஊரில் அணி இருக்கிறது.

பாசம் வேறு, வியாபாரம் வேறு என்று சிலர் சொல்லலாம். ரோச்செஸ்டர்காரர்கள் அதையும் அறிந்தவர்களே. பழைய மைதானம் தளர்ந்தபோது அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1996இல் அங்கே கடைசி சீசன் ஆடிவிட்டு, 1997இல் நகர மையத்தில் எழுந்த புது மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தை விட்டார்கள், அணியை விடவில்லை. ஊருக்கே சோறு போட்ட கொடாக் கம்பெனி 2012இல் திவால் மனு கொடுத்தது. அணி அதையும் தாண்டி நிற்கிறது.

சிறந்த ஆட்டக்காரரின் சட்டை எண்ணை வேறு யாருக்கும் தராமல் நிறுத்தி வைப்பது அந்நாட்டு வழக்கம். ரெட் விங்ஸ் அப்படி நிறுத்தி வைத்த எண்களில் ஒன்று 8222. மைதானத்தில் இறங்காமலே ஆட்டத்தைக் காப்பாற்றியவர்களுக்கு அந்த மரியாதை.

எல்லாவற்றையும் நாம் வாங்கிவிட முடியாது. ஆனால் அடுத்த முறை ஒரு குடோனோ டிப்போவோ ஊரைவிட்டுப் போகிறது என்று செய்தி வந்தால், தீர்மானம் எழுதுவதற்கு முன் சங்கத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்போம். விலை என்ன? நாம் எத்தனை பேர்? ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தைத் தொட முதலில் ஒருவர் முன்வர வேண்டும்.