மயக்கவியலாளர் கேட்கும் ஒரு கேள்வி

'மயக்க மருந்து கொடுத்தார்கள்' என்று ஒரே தொடரில் சொல்லி முடித்துவிடுகிறோம். அத்தொடருக்குள் வெவ்வேறு வேலை செய்யும் மருந்துகள் பல உள்ளன. உறக்கம் தருவது ஒன்று, வலியை மறைப்பது ஒன்று, தசைகளைத் தளர்த்துவது மற்றொன்று. மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்தத் தாடையும் குரல்நாண்களும் இளகவேண்டும், அதற்கானது தசைத்தளர்த்தி. அது நினைவைத் தொடுவதில்லை. 1940களில் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தம் உடலிலேயே அதைச் செலுத்தச் செய்து பார்த்தார். விரல் அசையவில்லை, மூச்சும் நின்றது. உணர்வு மட்டும் தெளிவாயிருந்தது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய நஞ்சிலிருந்து பிறந்த மருந்து அது.

அவசரமாகக் குழாய் செலுத்த வேண்டிய இடத்தில் இன்று இரண்டு மருந்துகளை ஒப்பிடுகிறார்கள். 1951 முதல் மருத்துவத்தில் புழங்கும் சக்சினைல்கோலின் ஒரு நிமிடத்தில் வேலை செய்து, பத்து நிமிடங்களுக்குள் விலகிவிடும், விலையும் குறைவு. தொண்ணூறுகளில் வந்த ரோகுரோனியத்தை உடல் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்ற அளவில் கொடுத்தால் ஏறக்குறைய அதே வேகம் கிடைக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும்; உடனே முறிக்க வேண்டுமாயின் விலையுயர்ந்த சுகமாடெக்ஸ் வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடு, குழாய் செலுத்த உகந்த நிலையை உருவாக்குவதில் சக்சினைல்கோலினுக்கே முதலிடம் தந்தது. ஒப்பீட்டை அங்கேயே முடித்துக்கொள்வது நம் நாட்டுக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து.

சக்சினைல்கோலின் விரைந்து விலகுவது அம்மருந்தின் குணத்தால் மட்டுமன்று. நம் குருதியிலுள்ள ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. அந்நொதி இல்லாதவர் அன்றாட வாழ்வில் எக்குறையுமின்றி இருப்பார். இம்மருந்து ஏறிய பிறகோ மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். மருந்து தானே விலகும்வரை செயற்கைச் சுவாசம் தந்து, உறக்கத்தையும் நீட்டித்துக் காத்திருக்கவேண்டும். சுகமாடெக்ஸ் இங்கே உதவாது. இக்குறை உலகில் மிக அரிது. தென்னிந்திய ஆரிய வைசியரிடையே இது மிகுதி என்பதையும், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் கோவைப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து 2006இல் எழுதினர். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துவந்த குழுக்களில் இத்தகைய மாற்றங்கள் தங்கிவிடுகின்றன.

ஆகவே நம் மயக்கவியலாளர்கள் அறுவைக்கு முன் சமூகத்தைக் கேட்பதுண்டு. அதைச் சாதி விசாரணையென்று கோபிப்பது சரியன்று. ஆயினும் அக்கேள்வி போதாது. ஏனென்பது தமிழ் படித்தவர்க்கு எளிதில் விளங்கும். புதுக்கோட்டையில் ஒருவர் 'செட்டியார்' என்று விடை சொன்னால் என்ன பொருள்? இராயவரத்து நகரத்தாரும் செட்டியாரே. வீட்டில் தெலுங்கு பேசி வாசவியைக் குலதெய்வமாக வணங்கும் ஆரிய வைசியரும் ஊரார் வாயில் செட்டியாரே. இருவரும் வேறு வேறு குருதி வழியினர். ஒரு பட்டப்பெயரை நம்பி மருந்தைத் தேர்வதும் விலக்குவதும் எத்தனை ஆபத்து! மேலும், இக்குறை பிற சமூகத்தாரில் அறவே இல்லை என்றும் இல்லை.

2017இல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நாளைய மருத்துவர்கள் நோயாளியிடம் பேசப்போவது தமிழில்தான். 'அலர்ஜி உண்டா' என்று ஒற்றை வரியில் கடந்துவிடாமல், 'உங்களுக்கோ உடன்பிறந்தவருக்கோ அறுவைக்குப் பின் விழிப்பதற்கும் மூச்சு வருவதற்கும் நெடுநேரம் ஆனதுண்டா, மெஷினில் வைத்திருந்தார்களா?' என்று கேட்க அவர்களைப் பழக்கவேண்டும். ஐயம் எழுந்தால் நொதியின் அளவைக் குருதிச் சோதனையில் அறியலாம். நேரமில்லையேல் ரோகுரோனியத்தின் பக்கம் போகலாம். முன்பே அப்படி நேர்ந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதிய தாளொன்றை அவர் கையில் கொடுத்து, உடன்பிறந்தோரிடமும் காட்டச் சொல்லவேண்டும்.