உதறல் நின்றால் வேலை முடிந்ததா?

“ஐம்பத்தஞ்சு மைல்ல ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்குது, எழுபது தாண்டினா அடங்கிடுது.” வண்டியை விட வருகிறவர் சொல்லும் இந்த ஒரு வரிக்குள் பாதி விடை இருக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்களில் அது காற்றோடு போகிறது. ஜாப் கார்டில் ஏறுவது “வீல் பேலன்ஸிங்” என்ற இரண்டே சொற்கள். குறையை எழுத வேண்டிய கட்டத்தில் செய்யப்போகும் வேலையை எழுதிவிடுகிறோம். அதன்பிறகு யாரும் குறையைத் தேடுவதில்லை.

இந்த இதழில் எம்ஜிபியை வைத்தே பேசுகிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் பழைய வண்டி வேலை செய்பவர்கள் கையில் அதிகம் சிக்குவது. முன் சஸ்பென்ஷன் தொழில்நுட்பத்தில் அது தன் காலத்துக்கே பழையது. 1947இல் வந்த எம்ஜி ஒய் டைப்புக்காக அலெக் இஸிகோனிஸ் வகுத்த அமைப்பின் வாரிசு. பால் ஜாயின்ட் கிடையாது. கிங் பின், மேலும் கீழும் டிரன்னியன், காயில் ஸ்பிரிங். மேல் விஷ்போனாக வேலை செய்வது ஆம்ஸ்ட்ராங் லீவர் ஷாக்கின் கையேதான்.

முதலில் வேகத்தைக் கவனிப்போம். 165 அளவு, 14 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். மணிக்கு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர் வேகத்தில் வீல் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. டயரின் மீது அமர்ந்திருக்கும் ஹப், வீல், பிரேக் எல்லாம் சேர்ந்த எடை தானாகத் துள்ளும் வேகமும் பல கார்களில் நொடிக்கு 10 முதல் 15 தடவை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் உதறல் பெருகுகிறது, தாண்டியதும் அடங்குகிறது. ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தாலே அந்த வேகத்தில் நான்கு கிலோ விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி இழுக்கும். 30 மைலில் அதே 30 கிராம் ஒரு கிலோவுக்குத்தான் சமம். அதனால்தான் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து “ஒண்ணுமில்லையே சார்” என்று சொல்ல முடிகிறது.

ஆனால் எடைச் சமனின்மை தூண்டுவது மட்டும்தான். அந்தத் தூண்டுதல் கைக்கு வந்து சேர, நடுவில் எங்கோ இடைவெளி வேண்டும். புதிய கிங் பின்னும் நல்ல புஷ்களும் உள்ள வண்டி 30 கிராமைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. தேய்ந்த வண்டியோ பத்து கிராமுக்கே உதறும். பேலன்ஸ் செய்ததும் உதறல் நின்றால், தூண்டுதல் போய்விட்டது என்று பொருள். தேய்மானம் அப்படியே உள்ளே இருக்கிறது. சில மாதத்தில் டயர் சற்று தேய்ந்ததும் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வரும். இடையில் அது எத்தனை பிரேக் அடித்தது, எத்தனை பள்ளத்தில் இறங்கியது என்பது நமக்குத் தெரியாது. இவ்விஷயம் புதிதல்ல. 1920களில் பருத்த டயர்களும் முன்வீல் பிரேக்கும் வந்தபோது, ஒரே அச்சில் கட்டப்பட்ட முன்வீல்கள் பயங்கரமாக உதறின. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதை ஆராய்ந்தார். பின்னர் தனித்தனிச் சஸ்பென்ஷன் பரவியதற்கு இந்த உதறலும் ஒரு காரணம். அன்றும் சிக்கல் ஒரு பாகத்தில் இல்லை, பல பாகங்களின் கூட்டில் இருந்தது.

ஆகவே ஜாக்கிக்குக் கை போகுமுன் சாவிக்குப் போகட்டும். ஓட்டிப் பார்க்கும்போது முதல் கேள்வி: உதறல் கையிலா, இருக்கையிலா? கையில் என்றால் முன்பக்கம். இருக்கையில், அதுவும் இரைச்சலான நடுக்கம் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சந்தேகியுங்கள், 3.9 பின் ஆக்ஸில் விகிதத்தில் அது வீலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. ஓவர்டிரைவ் உள்ள வண்டியில் அதே வேகத்தில் சுவிட்சைப் போடுங்கள். என்ஜின் சுற்று குறைந்தும் நடுக்கம் மாறவில்லை என்றால் என்ஜினை விட்டுவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க். பெரும்பாலும் அது வளைந்திருக்காது, மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட் ஒட்டியிருந்த இடத்தில் துரு ஏறித் தடிமன் மாறியிருக்கும். காலையில் உதறி, பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் குறைந்தால் நின்ற இடத்தில் டயர் தட்டையானது. வேகம் எதுவானாலும் மோசமான சாலையில் மட்டும் டேஷ்போர்டும் கண்ணாடியும் சேர்ந்து குலுங்கினால் அது கூரையில்லா பாடியின் இயல்பு. அதற்காக டை ராடு எண்டு மாற்றி உரிமையாளர் காசைக் கரைக்க வேண்டாம்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்பது இந்த வண்டிகளில் ஒரு சாட்சியமே அல்ல. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காரில் ரப்பர் தேயுமுன் கிழடாகிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தை, வாரமும் ஆண்டும், படித்து எழுதுங்கள். கம்பி வீல் என்றால் வேலை இன்னும் கூடுகிறது. அந்த வீல் ஹப்பில் உட்காருவது உட்புறச் சரிவிலும் வெளிப்புற நட்டின் சரிவிலும்தான். பேலன்ஸிங் மெஷினில் சாதாரணக் கோனை வைத்து இறுக்கினால் வீல் மையத்தில் நிற்காது; மெஷின் பூஜ்யம் காட்டும், சாலை ஒத்துக்கொள்ளாது. முதலில் டயல் கேஜ் வைத்து ரிம்மின் ஆட்டம், ஸ்பேனரால் தட்டி ஸ்போக்கின் ஓசை, பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு வீலை முன்னும் பின்னும் திருகி ஸ்பிளைனின் ‘டக்’ ஓசை, இவை மூன்றும் முடியட்டும். தேய்ந்த ஹப்பில் புது வீலை மாட்டுவது அந்தப் புது வீலையும் கெடுப்பதுதான்.

இனி தேய்மானம். ஜாக்கியைக் கீழ் ஸ்பிரிங் தட்டின் அடியில் வையுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் அழுத்தம் கிங் பின்னை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைக்காது. வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் அல்லது டிரன்னியன். பேரிங்கில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருந்தாக வேண்டும். அதைத் தருவது உள்ளே இருக்கும் குழாயும் ஷிம்களும். அவற்றை வீசிவிட்டு நட்டைக் கைப்பதத்தில் இறுக்கும் பழக்கம் ஸ்டப் ஆக்ஸிலின் பலத்தையே குறைக்கிறது. கீழ் டிரன்னியனில் போல்ட் இறுகிப் பிடித்துக்கொண்டால் விஷ்போன் கையின் துளைகள் நீள்வட்டமாகும். புது கிங் பின் போட்டும் ஆட்டம் போகாத வண்டிகளில் இதைப் பாருங்கள். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை, வீலைத் தூக்கி வைத்து, பக்கத்துக்கு மூன்று நிப்பிளிலும் கிரீஸ் அடித்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை வந்திருக்காது.

லீவர் ஷாக்கை வண்டியின் மூலையை அமுக்கிப் பார்த்துத் தீர்மானிப்பது வீண். எண்ணெய் குறைந்ததா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அதன் தண்டு தேய்ந்திருந்தால் கிங் பின்னின் மேல்முனையே பக்கவாட்டில் ஆடும். மேல் டிரன்னியன் போல்ட்டைக் கழற்றி, கையைக் கடைசிவரை தூக்கி இறக்கி, நடுவில் எங்காவது தடையற்று விழுகிறதா என்று பாருங்கள். அந்தப் போல்ட்டைத் தொடுமுன் ஸ்பிரிங் தட்டின் அடியில் ஜாக்கி உறுதியாக இருக்க வேண்டும். இல்லையேல் ஸ்பிரிங் விடுபட்டு ஆளை அடிக்கும்.

அலைன்மென்ட் கடைசி வேலை. இந்த வண்டியில் கேம்பருக்கும் 7 டிகிரி கேஸ்டருக்கும் செட்டிங் என்று ஒன்றே இல்லை. டோ மட்டுமே மாற்றலாம். மெஷின் இடமும் வலமும் வேறு வேறு கேஸ்டர் காட்டினால் வளைந்ததையோ தேய்ந்ததையோ அது சொல்கிறது. எல்லாப் புஷ்ஷையும் பாலியூரித்தேன் ஆக்கிவிட்டால் தீரும் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை: தூண்டுதல் இருக்கும்போதே கடினமான புஷ் போட்டால் நடுக்கம் பாடிக்குள் ஏறும். பந்தயத்துக்கு இல்லாத வண்டிக்கு வி8 மாடலின் ரப்பர் புஷ் போதும். அதையும் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

இத்தனையும் பார்க்க அரை நாள் ஆகும். பாகம் மாற்றாமல் பில் போடக் கூச்சப்படுவதால்தான் நாம் பேலன்ஸிங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். சோதனைக்கான மணிநேரத்தைப் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். அதனோடு உதறல் தொடங்கிய வேகம், அடங்கிய வேகம், டயரின் தேதி, அளந்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் உரிமையாளரிடம் கொடுங்கள். பேலன்ஸிங் மட்டும் போதும் என்று அவர் சொன்னால், கண்டறிந்த தேய்மானம் மாற்றப்படவில்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.