தொட்டிய மாத்துனா தண்ணி வருமா?

பதினாலு மாசத்துல மூணு பேட்டரி வாங்கியிருக்கேன். மூணும் ஒரே பைக்குக்கு. மூணு தடவையும் கடையில சொன்னது ஒரே வார்த்தைதான்: "பேட்டரி போயிருச்சு அண்ணாச்சி." கடைசியில பாத்தா பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல. எண்பது ரூபா வேலை. அந்த எரிச்சல்லதான் இதை எழுதுறேன். பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க, இது கிராமத்தான் பிரச்சினைன்னு தாண்டிப் போயிறாதீங்க. உங்க ஸ்கூட்டருக்கும் இதேதான் நடக்குது. உங்களுக்கு பில்லு கொஞ்சம் பெருசா வரும், அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்லிடுறேன். எங்க தோப்பு செட்டியார்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்துல இருக்கு. 2021ல புலிகள் காப்பகம்னு அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடு அதுக்கு மேல இருந்து ஆரம்பிக்குது. பன்னி தினமும் வரும். யானை எப்பவாவது வரும், வந்தா நாலு தென்னையச் சாய்ச்சுட்டுத்தான் போகும். மும்முனை கரண்டு ராத்திரி எந்த நேரம் வருதோ, அந்த நேரத்துக்கு நாம போய் மோட்டாரைப் போடணும். அதனால பைக்கு எனக்கு சொகுசு இல்ல, மம்பட்டி மாதிரி ஒரு சாமான்.

அன்னைக்கு நானும் வீட்டுக்காரியும் தோப்புல இருந்து திரும்பிட்டு இருந்தோம். மணி ஒம்பதரை. ஹெட்லைட்டு மங்குச்சு. ஹாரன் அமுக்குனா ஆடு இருமுற மாதிரி சத்தம். ரெண்டு நிமிசத்துல என்ஜினும் நின்னு போச்சு. செல்ஃப் அமுக்குனா "டிக் டிக்"னு மட்டும் கேக்குது. கிக்கர் கிடையாது, கம்பெனியே எடுத்துட்டான். தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ம்ஹூம். போன வாரம்தான் அந்தத் தடத்துல யானை லத்தி கிடந்துச்சு. செல்போன் வெளிச்சத்துல ரெண்டு பேரும் வண்டியத் தள்ளிக்கிட்டே ஊர் வந்து சேந்தோம்.

வழியில வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டா. "டிராக்டர்ல சார்ஜ் ஏறலைன்னா செவப்பு லைட்டு எரியுமே, இதுல ஏன் எரியல?"

எனக்குப் பதில் தெரியல. இன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லவும் இல்ல.

அப்ப அந்த வண்டியில இருந்தது ரெண்டாவது பேட்டரி. போட்டு அஞ்சு மாசம்தான் ஆச்சு. மறுநாள் கடைக்குப் போனா, "இந்த லாட்டே சரியில்ல"ன்னு மூணாவதை மாட்டி விட்டாங்க. அதுவும் ஒரு மாசத்துல படுத்துருச்சு. அப்பத்தான் என் அக்கா மகன் வந்தான். அவன் பைக் மெக்கானிக் இல்ல. கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுறவன். "மாமா, மூணு பேட்டரி மாத்துனீங்களே, ஒருத்தராவது மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?"ன்னு கேட்டான். யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தரும் பாக்கல.

அவன் சொன்ன கணக்கை நம்ம பாஷையில சொல்றேன். பேட்டரிங்கிறது தொட்டி. என்ஜின் பக்கத்துல மேக்னட்டுக்குள்ள இருக்கிற காயில்தான் மோட்டார். நடுவுல இருக்கிற ரெகுலேட்டர் வாய்க்கா மடை. காயில்ல இருந்து வர்ற ஏசி கரண்டை டிசியா மாத்தி, அளவுக்கு மேல போகாமப் பிடிச்சு, பேட்டரிக்கு விடும். மோட்டார் ஓடலைன்னாலும், மடை அடைச்சிருந்தாலும், வாய்க்கா உடைஞ்சிருந்தாலும் தொட்டி காலியாத்தான் போகும். காலியான தொட்டியத் தூக்கிட்டுப் புதுத் தொட்டி வச்சா தண்ணி வருமா? ஆனா பேட்டரிய கடையில ஃபுல் சார்ஜோட தர்றாங்க. அதனால கொஞ்ச நாள் ஓடும், நாமளும் சரியாயிருச்சுன்னு நினைச்சுக்கிறோம். இதுல இன்னொரு கொடுமை, சார்ஜ் இல்லாமயே கிடந்தா புது பேட்டரியும் உள்ளுக்குள்ள உப்புப் படிஞ்சு நெசமாவே செத்துப் போகும். அப்புறம் "பேட்டரி போயிருச்சு"ன்னு சொல்றது உண்மையாவே ஆயிரும்.

அவன் செஞ்சது கால் மணி நேர வேலை. என்ஜினை நிறுத்திட்டு பேட்டரிய அளந்தான். நல்ல பேட்டரி சும்மா இருக்கையில 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டணும். 12க்குக் கீழ போனா காலின்னு அர்த்தம். அப்புறம் பேட்டரிய வெளிய சார்ஜ் ஏத்தி மாட்டி, வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை முறுக்கி, அதே ரெண்டு முனையில மீட்டரை வச்சான். சார்ஜிங் ஒழுங்கா இருந்தா 13.5ல இருந்து 14.5க்குள்ள ஏறணும். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் பிடிக்கலைன்னு அர்த்தம், அது பேட்டரிய வேக வச்சிரும். எங்க வண்டியில எவ்வளவு முறுக்குனாலும் 12.1, அதுவும் இறங்கிட்டே போகுது.

"மாமா, இனி பேட்டரியப் பத்திப் பேசாதீங்க"ன்னுட்டு காயில் ஒயரைப் பிடிச்சான். ஏசி வோல்ட் முறுக்க முறுக்க ஏறுச்சு. காயில் நல்லாயிருக்கு. அடுத்து ரெகுலேட்டர்ல இருந்து வெளிய வர்ற கப்ளரை உருவுனான். உள்ள பிளாஸ்டிக் உருகி, முனை பச்சை பூத்து, ஒயர் கருகிக் கிடந்துச்சு. கருகுனதை வெட்டிட்டு புது கப்ளர் போட்டு, சேஸ்ல எர்த் போல்ட்டைக் கழட்டித் துருவைச் சுரண்டி இறுக்குனான். மறுபடியும் மீட்டர் வச்சா 14.1. சாமான் செலவு எண்பது ரூபா.

இப்ப என் சண்டைக்கு வர்றேன்.

முதல் சண்டை கடைக்காரங்களோட. பேட்டரி சாகவே சாகாதுன்னு நான் சொல்லல. மூணு நாலு வருசம் உழைச்சா அதுவும் கிழடாகும். ஆனா அளந்து பாக்காம எப்படிச் சொல்றீங்க? காய்ச்சல்னு போனா டாக்டர் தெர்மாமீட்டர் வைக்கிறாருல்ல? மீட்டரு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதைவிட மோசம், சில பேரு என்ஜின் ஓடையிலேயே பேட்டரி ஒயரைப் பிடுங்கி "வண்டி நிக்குதா பாரு"ன்னு சோதிக்கிறாங்க. அது பாயிண்ட் இக்னிஷன் காலத்து வித்தை. இப்ப வர்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில அப்படிப் பிடுங்குனா வோல்ட் எகிறி, உள்ள இருக்கிற கம்ப்யூட்டரே காலியாகலாம். யாராவது அப்படிக் கை வைக்கப் போனா உடனே தடுத்துருங்க.

பெரிய சண்டை கம்பெனிகளோட. 2017 ஏப்ரல்ல இருந்து வண்டி ஓடுனாலே ஹெட்லைட்டும் எரியணும்னு சட்டம் வந்துச்சு. எதிர்ல வர்றவன் கண்ணுல படணும்னு போட்ட சட்டம், நல்லதுதான். ஆனா 35 வாட்ஸ் பல்புன்னா பகல் பூரா மூணு ஆம்பியர் போகுது. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்துச்சு. கார்பரேட்டர் போயி பம்பு, இன்ஜெக்டர், கம்ப்யூட்டர்னு எல்லாம் கரண்டுல ஓடுது. புகை குறைஞ்சுச்சு, அதுவும் நல்லதுதான். ஆக, வண்டி முழுசும் கரண்டை நம்பி நிக்குது. அதே நேரம் பாதி வண்டியில கிக்கரைப் பிடுங்கிட்டாங்க. சரி, கரண்டு ஒழுங்கா ஏறுதான்னு பாக்கவாவது ஒண்ணு வச்சீங்களா? என் வண்டியில மணி காட்டுது, மைலேஜ் காட்டுது. போன்ல யாரு கூப்பிடுறாங்கன்னு காட்டுற வண்டியெல்லாம் இருக்கு. சார்ஜ் ஏறுதான்னு மட்டும் காட்டாது.

தெரியாத வித்தையும் இல்ல இது. மெட்ராஸ்ல செஞ்ச பழைய புல்லட்ல ஹெட்லைட்டுக்கு மேல சின்னதா ஆம்பியர் மீட்டர் இருக்கும், பாத்திருப்பீங்க. முள்ளு ப்ளஸ் பக்கம் போனா ஏறுது, மைனஸ் பக்கம் போனா இறங்குது. படிக்காதவனும் புரிஞ்சுக்குவான். எங்க மோட்டார் ரூம் போர்டுல வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இருக்கு, அதைப் பாக்காம நாங்க ஸ்டார்ட்டரை அமுக்க மாட்டோம். கார்ல பேட்டரி படம் போட்ட செவப்பு லைட்டு இருக்கு. லட்ச ரூபா பைக்குக்கு ஒரு செவப்பு லைட்டு அவ்வளவு பாரமா?

"மைக்கேல் ஆளு, யானைத் தடத்துல போற உனக்குத்தான் அது வேணும், எங்களுக்கு எதுக்கு"ன்னு நீங்க கேக்கலாம். சிக்னலுக்கு சிக்னல் நின்னு, ரெண்டு கிலோமீட்டர் போய் அணைச்சு, மறுபடி செல்ஃப் அமுக்குறீங்களே, ஐடில்ல காயில் தர்றது கொஞ்சம்தான். எடுக்கிறதுதான் அதிகம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு உங்க பொண்ணு தனியா வர்ற ஸ்கூட்டரு மேம்பாலத்துல நின்னா, அதுவும் யானைத் தடம் மாதிரிதான்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிடணும். எங்க ஊர்ப் பயலுக நாலு எல்ஈடி லைட்டு, பாட்டுப் பாடுற ஹாரன்னு மாட்டிக்கிட்டு, ஒயரைக் கடிச்சு முறுக்கி டேப் சுத்திடுறாங்க. மடையில ஆயிரம் ஓட்டை போட்டுட்டுத் தண்ணி வரலைன்னா யாரைக் குத்தம் சொல்ல?

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை யாராவது "பேட்டரி போயிருச்சு"ன்னா, பைசா எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க: "சார்ஜிங் எத்தனை வோல்ட் வருது? என் கண்ணு முன்னால அளந்து காட்டுங்க." அந்த நம்பரை பில்லுலயே எழுதி வாங்குங்க. பத்துப் பேரு கேட்டா கடையில மீட்டர் வாங்கி வைப்பான். பத்தாயிரம் பேரு கேட்டா கம்பெனிக்காரன் செவப்பு லைட்டு வைப்பான்.

நான் மீட்டர் வாங்கிட்டேன். வண்டி சீட்டுக்கு அடியிலயே கிடக்கு. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரு புது பேட்டரி வாங்கக் கிளம்புனாரு. நிறுத்தி வச்சு அளந்தேன். 14.2. சார்ஜிங்ல கோளாறு இல்ல, அவரு பேட்டரி அஞ்சு வருசப் பழசு, நெசமாவே போயிருச்சு. "போய் வாங்குங்க அண்ணாச்சி"ன்னு அனுப்பி வச்சேன்.