கணினியின் சாவி யாரிடம் இருத்தல் வேண்டும்?

மட்டாஞ்சேரியை அடுத்துள்ள பள்ளுருத்தி, 1967ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்ட பஞ்சாயத்துகளுள் ஒன்று. அதன் பெயராலேயே வழங்கும் வட்டாரப் பஞ்சாயத்தில் செல்லானம், கும்பளங்கி, கும்பளம் ஆகிய கிராமங்கள் அடங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், இடையே பொக்காளி நெல் விளையும் உவர் நிலங்கள். இப்பகுதியில் விவரம் சேகரிக்கும் களப்பணியாளர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் வரப்புகளில் அலைந்து மாலையில் காரியாலயத்துக்குத் திரும்பும் அவர், பென் டிரைவில் கொணர்ந்த விவரங்களைக் கணினியில் ஏற்ற முற்படுகிறார். அங்குள்ள பாதுகாப்பு மென்பொருளின் தவணை முடிந்துவிட்டது. புதிய மென்பொருளும் அதற்குரிய உரிம எண்ணும் கையில் இருக்கின்றன. அதை நிறுவ முயன்றால், போதிய உரிமை இல்லை என்ற அறிவிப்பும் 1925 என்ற பிழை எண்ணும் திரையில் தோன்றுகின்றன. மும்முறை முயன்றும் பயனில்லை. தலைமைக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதப்படுகிறது. பதில் வரும்வரை, மூன்று கிராமங்களிலிருந்தும் வரும் பென் டிரைவ்கள் யாவும் காப்பற்ற அந்த இயந்திரத்தில் செருகப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய சங்கடமன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் இதே அறிவிப்பைக் கண்டு திகைத்து நின்ற ஆசிரியர்களும் ஊழியர்களும் பலர். மென்பொருள் பழுதானது என்றோ, வட்டு கெட்டுவிட்டது என்றோ அவர்கள் முடிவு கட்டுவதுண்டு. உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. இயந்திரம் தன் கடமையையே செய்கிறது.

கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்று, அதை இயக்குபவருடைய கோப்புகளைத் திறந்தால் போதும். பாதுகாப்பு மென்பொருளின் நிலை வேறு. எந்தக் கோப்பை எவர் திறந்தாலும் அதை இடைமறித்துச் சோதிப்பது அதன் வேலை. ஆகையால் அது இயக்க முறைமையின் கருவறைக்குள் தன் பகுதிகளைப் பதிக்க வேண்டியிருக்கிறது. கணினி உயிர்பெறும்போதே தானும் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு ஆழத்தில் கைவைக்கும் ஒன்றை, வழியே போகிறவர் எவர் வேண்டுமானாலும் நிறுவலாம் என்றிருந்தால், திருடனும் அவ்வழியே புகுந்துவிடுவான். எனவேதான் நிர்வாகி உரிமை கேட்கப்படுகிறது.

‘நிர்வாகி’ என்னும் இச்சொல்லே ஒரு மயக்கத்தை விளைவிக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நிர்வாகி என்றால் தலைமையாசிரியர் அல்லது காரியாலயத் தலைவர் எனப் பொருள்கொண்டு, அவர் கணினிக்கு மட்டும் அவ்வுரிமையை அளித்துவிடும் இடங்கள் உண்டு. அவரோ மின்னஞ்சல் பார்ப்பதற்கன்றி அக்கணினியைத் தொடுவதில்லை. அச்சொல் பதவியைக் குறிப்பதன்று; இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறுப்பையே குறிப்பது. ‘பராமரிப்பாளர்’ என்று முதலிலேயே தமிழாக்கியிருந்தால் பாதித் தொல்லை எழுந்திராது.

விண்டோஸ் கணினிகளில் நீண்ட காலம் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்பி பதிப்பில், வீட்டுக் கணினியில் உருவாக்கப்படும் கணக்குகள் பெரும்பாலும் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. அதன் கெடுபலனை உலகம் அனுபவித்த பின்னரே, 2007ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குக் கிடைத்த விஸ்டா பதிப்பு முதல், ஆழமான மாற்றம் எதற்கும் முன்னர் இயந்திரம் நின்று அனுமதி கேட்கத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையே தரப்படல் வேண்டும் என்ற கொள்கையை சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு விஞ்ஞானிகள் 1975ஆம் ஆண்டிலேயே தெளிவாக எடுத்துரைத்திருந்தனர். கொள்கை நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசாங்க ஊழியர்களுக்கென வகுக்கப்பட்ட இணையப் பாதுகாப்பு நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன. அன்றாட வேலைக்கு நிர்வாகியல்லாத சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். நிர்வாகி உரிமை, தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான தலைமை அதிகாரியின் ஒப்புதலின்பேரில் மட்டுமே அளிக்கப்படும். அதே நெறிகள், ஒவ்வொரு கணினியிலும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இரண்டும் நியாயமான விதிகளே. ஆயினும் கும்பளங்கிக்குச் சென்று திரும்பும் ஊழியரின் மேசையில் இவ்விரண்டும் மோதிக்கொள்கின்றன. மென்பொருளை நிறுவு என்கிறது ஒன்று. நிறுவும் உரிமை உனக்கில்லை என்கிறது மற்றொன்று. தவறு விதிகளில் இல்லை. உரிமை உள்ளவர் எட்டும் தூரத்தில் இல்லாததே தவறு.

சாவியை மறுத்துவிட்டாலே காப்பு ஏற்பட்டுவிடும் என்று எண்ணும் அதிகாரிகள் 2017ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுகூர வேண்டும். ‘வான்னாக்ரை’ என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல், மே 12ஆம் நாள் தொடங்கி 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது அது. அந்நச்சுநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையே 59 நாட்கள்! திருத்தம் ஏற்றப்படாத கணினியில், அமர்ந்திருந்தவர் நிர்வாகியா, சாதாரணப் பயனரா என்பதை அது பொருட்படுத்தவே இல்லை. வலைப்பின்னல் வழியாக வந்து, இயந்திரத்தின் உச்ச உரிமையைத் தானே கைப்பற்றிக்கொண்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் சுவரில் பொந்து இருந்தால் பூட்டால் என்ன பயன்?

ஆகவே எல்லோருக்கும் நிர்வாகி உரிமை வழங்கிவிடலாம் என்பாரும் உளர். பொறுமையிழந்த பல காரியாலயங்களில் நடப்பதும் இதுவே. நிர்வாகியின் கடவுச்சொல் ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது. அதன்பின் யாரோ ஒருவர் இறக்கும் கள்ளப் பிரதி மென்பொருள், அதே உரிமையுடன் நுழைந்து முதலில் பாதுகாப்பு மென்பொருளையே முடக்கிப் போடுகிறது. காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் களவாடுவது எளிதல்லவா?

இப்பிரச்சினைக்கு விடை அரசாங்கக் கருவூலங்களில் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. பெட்டகத்துக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு உத்தியோகஸ்தர்களிடம் இரண்டு சாவிகள். மாற்றுச் சாவி முத்திரையிட்ட உறையில் வேறிடத்தில். திறந்ததற்கும் மூடியதற்கும் பதிவேடு. தேர்வு வினாத்தாள்களின் காவலில் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கு இத்தகைய ஒழுங்கு புதிதன்று. பெட்டகத்தின் சாவி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதில்லை என்பதையும் அவர்கள் அறிவார்கள். கணினிக்கும் இதுவே பொருந்தும். ஒவ்வொரு பள்ளியிலும் வட்டாரக் காரியாலயத்திலும் பயிற்சி பெற்ற ஒருவர், உரிய அதிகாரியின் எழுத்து மூலமான ஒப்புதலுடன், தம் அன்றாடக் கணக்கு வேறாகவும் நிர்வாகிக் கணக்கு வேறாகவும் வைத்திருக்க வேண்டும். அவர் விடுப்பில் சென்றால் உறையிலிருந்து எடுத்துப் பயன்படுத்திவிட்டு, கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறையில் இட வேண்டும்.

இவ்வாறு செய்ய இயலுமா எனக் கேட்போருக்கு, கேரளப் பள்ளிகளே சான்று. 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறிய திட்டத்தில், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரே தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்படும் வழக்கம் ஏற்பட்டது. அப்பள்ளிகளில் வழங்கும் லினக்ஸ் இயக்க முறைமையின் அமைப்பும் இதற்கு இசைந்தது. அதில் ‘சூடோ’ என்ற கட்டளை உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான அது, உரிமை பெற்ற ஒருவர் தம் சொந்தக் கடவுச்சொல்லையே கொடுத்து, ஒரு காரியத்துக்கு மட்டும் உச்ச உரிமையைப் பெற வழி செய்கிறது. யார், எப்பொழுது, எக்கட்டளையை இட்டார் என்பது தானாகவே பதிவாகிவிடும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்போர் அறிய வேண்டியவை சில. நிறுவும் கோப்பின் மீது வலப் பொத்தானை அழுத்தி ‘நிர்வாகியாக இயக்கு’ என்பதைத் தேர்ந்தாலும், சாதாரணக் கணக்கு நிர்வாகிக் கணக்காக மாறிவிடாது; நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவ்விடத்தில் பொறுப்பாளர் வந்து தம் கையாலேயே தட்டச்சிட வேண்டும்; தொலைபேசியில் சொல்லலாகாது. பழைய பாதுகாப்பு மென்பொருளின் எச்சம் இருந்தால் அதை முற்றாக நீக்கிய பின்னரே புதியதை நிறுவ வேண்டும். நீக்குவதற்கும் அதே உரிமை தேவை. இவ்வளவும் ஒருமுறைதான். செம்மையாக நிறுவப்பட்ட மென்பொருள், பின்னர் தன் உரிமையாலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; சாதாரணப் பயனரை அது தொந்தரவு செய்வதில்லை. தவணை தீர்ந்து, வேறு வாங்கப் பணம் ஒதுக்கப்படாத இடங்களில், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் இயங்குகிறதா என்றாவது பார்த்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசமாக வழங்கிவரும் கருவிகளுள், பென் டிரைவ்களைக் கட்டுப்படுத்தும் ஒன்றும் உண்டு. களப்பணிக்கு அது மிகவும் ஏற்றது.

உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் தேவை என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரௌட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த குறையுள்ள புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளின் ஏறுசீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அக்கணினிகளுள் மிகப் பலவற்றைத் தொலைவிலிருந்து மீட்க முடியவில்லை. ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் சென்று அமர்ந்து, மீட்புச் சாவியை இட்டு, அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அச்சாவியும் உரிமையும் கைக்கெட்டாத இடங்களில் வேலை மேலும் தாமதமாயிற்று.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றதால், பள்ளிகளும் காரியாலயங்களும் பழைய கணினிகளை மாற்றியாக வேண்டிய நிலையில் உள்ளன. புதிய கணினி வந்திறங்கும்போது, இருப்புப் பதிவேட்டில் வரிசை எண், விலை, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுதப்படுகின்றன. அதே வரியில், நிர்வாகிக் கணக்கை வைத்திருப்பவர் பெயர், முத்திரையிட்ட உறை இருக்குமிடம் ஆகிய இரண்டு கட்டங்களையும் சேர்த்துக்கொள்ளத் துறைத் தலைவர்கள் ஆணையிடுவார்களாயின், பள்ளுருத்தி ஊழியர் தலைமைக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிராது. அடுத்த அறைக்கு நடந்து சென்றால் போதும்.