முதலில் காரணம், பிறகு பத்தியம்

நம் மாணவர்களிடையே எந்த வயிற்றுக் கோளாறுக்கும் ஒரே பெயர்தான்: 'கேஸ்ட்ரிக்'. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் கதை முடிந்தது. அண்மைக் காலமாக இன்னொரு பெயரும் சேர்ந்துள்ளது: குளூட்டன். கோதுமையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து.

நான் சுங்கை ரம்பாயில் வளர்ந்தவன். இரண்டு ஆண்டுகளாக வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், காரணம் தெரியாத சோர்வு. பாட்டி 'உடம்புச் சூடு' என்றார். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். குருதிச் சோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. குளூட்டனாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, அம்மா வீட்டிலிருந்த கோதுமை மாவை அகற்றிவிட்டார். மருத்துவரோ, "சோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்திடாதீங்க தம்பி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அதை உண்டதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் எடுத்துரைத்தார். இன்று குருதியில் எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். தேவைப்பட்டால் சிறுகுடல் திசுவையும் சோதிக்கிறார்கள். கோதுமையை முன்கூட்டியே நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் சோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும்.

"சோறு தின்னும் நமக்கு இந்த நோய் ஏது?" என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் ராமகிருஷ்ணா குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஆனால், நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிதும் வேறுபட்டது கோதுமையின் அளவே. மரபணு இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. என்றாலும் ரொட்டி சானாய், மீ கோரெங், பன் என்று பசியாறும் நம் தலைமுறை, தெற்கின் பழைய கணக்கை நம்பி இருக்க முடியாது. மலேசியாவில் நலமான இளையோர் 562 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான குருதி ஆய்வில் 1.25 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது.

அதற்காக எல்லாப் பழியையும் குளூட்டன் மீது போடுவதும் தவறு. பால் ஒவ்வாமல் போவது ஆசியர்களிடையே மிகச் சாதாரணம். கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் சிலருக்கு வயிற்று உப்புசம் தரும். காரணம் வேறென்றால் பத்தியம் வீண்.

காரணம் சீலியாக் என்றாலோ, வாழ்நாள் முழுவதும் பத்தியம் தேவை. மைலோவில் பார்லி மால்ட் உண்டு. சோயா கிச்சாப்பிலும் கடைப் பெருங்காயத்திலும் கோதுமை கலந்திருப்பது வழக்கம். இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் நமக்குக் கைகொடுக்கும் என்பது ஆறுதல்.

இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். என் தங்கைக்கும் இப்போது அதே சோர்வு. நானே பத்தியம் இருந்து நலமடைந்தால், அவளுக்கான பதில் கிடைக்காமலே போகலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொன்னார் வள்ளுவர். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். மாதக் கணக்கில் தொல்லைப்படும் நண்பர்களே, மாத்திரையையும் பத்தியத்தையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். உண்டதையும் உடல் பட்டதையும் இரண்டு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குளூட்டன் சோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் குருதிச் சோதனை அடுத்த மாதம். அதுவரை, வலித்தாலும், ரொட்டி சாப்பிடுகிறேன்.